நேக் சந்த் கண்ட பாறைத் தோட்டம்

இயற்கையைப் பாடாத புலவனில்லை, தீட்டாத ஓவியனுமில்லை. மலையும் அருவியும் மானும் மயிலும் கலையுலகத்தில் எந்நாளும் இடம் பெற்றே வந்துள்ளன. ஆயினும் அப்பாடல்களிலும் ஓவியங்களிலும் மனிதன் பெரும்பாலும் தூர நின்று பார்த்து மகிழ்பவனாகவே காணப்படுகிறான். மலையைப் பிளந்தவனும், அருவியில் அழுக்கைக் கொட்டியவனும், மானின் காட்டை வெட்டியவனும் அவனே என்னும் கணக்கு அங்கே எழுதப்படுவதில்லை. அக்கணக்கைத் தம் இரு கைகளாலேயே எழுதிக் காட்டிய ஒருவருடைய வரலாற்றை இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர் கலாசாலையில் சிற்பம் பயின்றவரல்லர். செல்வர் வீட்டுப் பிள்ளையுமல்லர். பொது மராமத்து இலாகாவில் சாலை இன்ஸ்பெக்டராக மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். அவர் பெயர் நேக் சந்த். அவர் தொழில் செய்த ஊர் வட இந்தியாவிலுள்ள சண்டிகர்.

நேக் சந்த் 1924-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி, பஞ்சாபில் ஷக்கர்கர் தாலுகாவைச் சேர்ந்த பேரியான் கலான் என்னும் சிற்றூரில், பயிர்த்தொழில் செய்யும் குடும்பமொன்றில் பிறந்தார். இளமையில் அன்னையார் கூறிய அரசர் கதைகளும் தேவர் கதைகளும் அவர் மனத்தில் ஊன்றி நின்றன. அக்கதைகளிலுள்ள அரண்மனைகளை மண்ணாலும் கல்லாலும் கட்டி விளையாடுவது அவருடைய பிள்ளைப் பருவத்து வழக்கம். அவ்வூரிலேயே உழுது பயிரிட்டு அவர் வாழ்ந்து முடிந்திருக்கவும் கூடும். ஆனால் 1947-ம் ஆண்டில் பஞ்சாப் இரு கூறாயிற்று. குருதாஸ்பூர் ஜில்லாவின் ஏனைய தாலுகாக்கள் இந்தியாவில் சேர, ராவி ஆற்றுக்கு அப்பாலிருந்த ஷக்கர்கர் மட்டும் பாகிஸ்தானைச் சேர்ந்தது. தேசப்படத்தில் இழுக்கப்பட்ட ஒரு கோட்டினால் ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் இரு திசையிலும் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். அவர்களில் ஒருவராக, இருபத்திரண்டு வயது இளைஞராகிய நேக் சந்தும் எல்லை கடந்து இந்தியா வந்து சேர்ந்தார். பிறந்த ஊரும், விளையாடிய ஆற்றங்கரையும், அப்பன் பாட்டன் உழுத நிலமும் ஒரே நாளில் அயல் நாடாகிவிட்டன.

பிரிவினையால் பஞ்சாபின் பழம்பெருந் தலைநகராகிய லாகூரும் பாகிஸ்தானுக்குப் போயிற்று. இந்தியப் பகுதிக்குப் புதிய தலைநகரம் வேண்டியதாயிற்று. சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. முதலில் ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கரும், மாத்தியூ நொவிக்கி என்னும் போலந்து நாட்டவரும் திட்டம் வகுத்தனர். நொவிக்கி 1950-ல் விமான விபத்தில் இறந்துபோகவே, பிரான்சு தேசத்தின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞராகிய லெ கொர்பூசியேயிடம் அப்பொறுப்பு ஒப்புவிக்கப்பட்டது. அவருடைய உறவினர் பியர் ஜான்னரேயும், ஆங்கிலேயர்களாகிய மாக்ஸ்வெல் பிரை, ஜேன் டுரூ தம்பதியரும் உடன் உழைத்தனர். பழைய சுமை ஏதுமின்றிப் புதிய இந்தியாவின் சின்னமாக விளங்கும் ஒரு நகரத்தைக் காணவேண்டுமென்பது பிரதமர் நேருவின் விருப்பம். 1953-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் அந்நகரத்தைத் திறந்து வைத்தார். நேர்நேரான வீதிகள், எண்ணிட்ட வட்டாரங்கள், பெரிய சிமிண்டுக் கட்டடங்கள் ஆகியவற்றை உலகம் வந்து பார்த்து வியந்தது.

ஆனால் அந்நிலம் வெறுநிலமாக இருந்ததன்று. இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் அங்கே இருந்தன. அவற்றில் வீடுகள் இருந்தன, அடுப்புகள் இருந்தன, தண்ணீர்க் குடங்களும் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களும் பெண்களின் கைவளைகளும் இருந்தன. ஊர்கள் இடிக்கப்பட்டபின் இவையெல்லாம் குப்பைமேடுகளாயின. புது நகரத்தை எழுப்புவதற்குப் பல திசைகளிலிருந்தும் கூலிமக்கள் வந்து குவிந்தார்கள். ஆடவர் மண் வெட்ட, பெண்டிர் தலையில் கல்லும் காரையும் சுமந்தனர். அவர்கள் தங்கியது தற்காலிகக் குடிசைகளில். அவர்கள் நிலையாகக் குடியிருக்க அந்த அழகிய திட்டப்படத்தில் இடம் குறிக்கப்படவில்லை. ஒருவன் கட்டுகிறான், மற்றொருவன் வாழ்கிறான் என்னும் உலகியல் அங்கும் மாறாமல் நடந்தது.

1951-ம் ஆண்டில் நேக் சந்துக்கு அந்நகரத்தின் மராமத்து இலாகாவில் சாலை இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தது. பகலெல்லாம் சாலை வேலையை மேற்பார்ப்பது அவர் கடமை. அக்கடமையின்போது அவர் இரண்டு காட்சிகளை நாள்தோறும் கண்டார். ஒன்று, எழும்புகின்ற நகரம். மற்றொன்று, அந்நகரம் எறிந்துவிட்ட பொருள். முதற்காட்சியை யாவரும் கண்டனர். இரண்டாவதைக் கண்டவர் அவர் ஒருவரே எனலாம். ஊரை இழந்து வந்த அகதியின் கண்ணுக்கு, இடிந்த ஊரின் ஓட்டாஞ்சில்லு வெறும் குப்பையாகத் தோன்றாமற்போனதில் வியப்பொன்றுமில்லை.

1957-ம் ஆண்டு முதல் அவர் ஒரு காரியத்தைத் தொடங்கினார். வேலை முடிந்து பிறர் வீடு திரும்பும் நேரத்தில் அவர் சைக்கிளில் ஏறி ஆற்றுப்படுகைகளுக்குச் செல்வார். குன்றுகளிலிருந்து இறங்கிவரும் சுக்னா ஓடை, காகர் ஆறு முதலியவற்றின் படுகைகளில் நீரால் தேய்ந்து உருண்ட கற்கள் பலவகை வடிவில் கிடக்கும். ஒன்று பறவைபோல் இருக்கும். ஒன்று குனிந்த கிழவிபோல் இருக்கும். ஒன்று படுத்த விலங்குபோல் இருக்கும். அத்தகைய கற்களை ஒவ்வொன்றாகச் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவந்து, சுக்னா ஏரிக்கு அண்மையில் புதரும் மரமும் அடர்ந்திருந்த ஒரு பள்ளத்தாக்கில் சேர்த்தார். அது காடாகவே விடப்பட வேண்டுமெனச் சர்க்கார் ஒதுக்கிய நிலம். ஒருவரும் எதுவும் கட்டக்கூடாதென்பது சட்டம். ஆகவே ஆளரவமற்ற அவ்விடத்தில் இரவு நேரங்களில், பழைய டயர்களைக் கொளுத்தி அவ்வொளியில் புதர் வெட்டி இடம் செய்து, கற்களை நிறுத்தி வைத்தார். அவர் மனைவியாரும் அவ்வேலையில் துணை நின்றார்.

அக்கற்களை அவர் செதுக்கவில்லை என்பதை நேயர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். சிற்பி என்பவன் கல்லில் தன் எண்ணத்தை ஏற்றுகிறவன் என்று நாம் கேட்டிருக்கிறோம். இவரோ, கல்லுக்கென்று ஒரு முகம் ஏற்கெனவே உண்டு, அதைக் கண்டு நிறுத்துவதே தம் வேலை என்று கருதினார். பல்லாயிரம் ஆண்டுகள் நீர் செய்த சிற்பத்தில் தம் உளியை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. இயற்கை தந்ததைத் தந்தபடியே ஏற்றுக்கொண்டார்.

மனிதன் எறிந்தவற்றை மட்டும் அவர் அவ்வாறு விட்டுவிடவில்லை. அவற்றுக்கு உடலும் உயிரும் கொடுக்க முற்பட்டார். உடைந்த பீங்கான் தட்டுகள், தேநீர்க் கோப்பைகள், கண்ணாடி வளையல் துண்டுகள், குளியலறை ஓடுகள், சூளையிலும் வார்ப்படச் சாலையிலும் உருகி இறுகிப்போன கசடுகள், மின்சாரக் கம்பிகளுக்கு வைக்கும் பீங்கான் குமிழ்கள், பழைய சைக்கிள் சட்டங்கள், தகரப் பீப்பாய்கள், தையற்காரர் கழித்த கந்தல்கள் ஆகிய எதையும் அவர் தள்ளவில்லை. சைக்கிள் சட்டத்தையோ இரும்புக் கம்பியையோ எலும்பாக நிறுத்துவார். அதன்மேல் சிமிண்டும் மணலும் குழைத்துத் தசையாக அப்புவார். அது ஈரமாயிருக்கும்போதே வளையல் துண்டுகளையும் பீங்கான் சில்லுகளையும் நெருக்கமாகப் பதித்துத் தோலாக்குவார். இவ்வாறு நீர்க்குடம் சுமக்கும் பெண்களும், மேளம் கொட்டுவோரும், ஆடுவோரும், சிப்பாய்களும், குரங்குகளும், மயில்களும் பிறந்தன. கந்தலைக் கொண்டு ஆளுயரப் பொம்மைகளும் செய்தார். பல பொருள்களைக் கலந்து ஓருருவாக்கும் கலையைப் பற்றி மேல்நாட்டுக் கலையறிஞர் நூல்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அதுபற்றி ஒன்றும் படித்திராத ஒருவர் அதைச் செய்தே காட்டிவிட்டார்.

அவ்வுருவங்கள் தனித்தனியே பீடத்தில் நிற்பனவல்ல. ஒரே சாயலில் பத்தும் இருபதும் நூறுமாக, வரிசை வரிசையாகப் பள்ளத்தின் சரிவுகளில் நின்று, வருவோரை நோக்குகின்றன. அவற்றில் பேரரசரின் முகமில்லை, பெருந்தலைவரின் முகமுமில்லை. வேலைக்குப் போகும் வழியில் ஒரு கணம் நின்று பார்க்கும் பாமரமக்கள் கூட்டம் போன்றே அவை தோன்றுகின்றன. இடிக்கப்பட்ட ஊர்களின் குடிகள் தம் வளையலையும் தட்டையும் மேனியாகப் பூண்டு திரும்பி வந்து நிற்பதாக நாம் கொண்டால் தவறாகாது.

ஏறக்குறைய 18 ஆண்டுகள் இவ்வேலை மறைவாகவே நடந்தது. ஊருக்குள் இருந்தோர் ஒரு சிலருக்கே அது தெரியும். நகரின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த எம். என். சர்மா அதைக் கண்டபோது, காட்டிக் கொடாமல், வேலையைத் தொடருமாறு ஊக்கியது பாராட்டத்தக்கது. பின்னர் எழுபதுகளின் நடுவில் அது வெளிப்பட்டது. அதற்குள் 12 ஏக்கர் அளவுக்கு முற்றங்களும் நடைவழிகளும் உருவங்களுமாக ஒரு சிற்றுலகமே அங்கே எழுந்திருந்தது. சட்டப்படி பார்த்தால் அத்தனையும் இடிக்கப்பட வேண்டியவை. செய்தவர் வேலையிழந்து தண்டனைக்கும் ஆளாக வேண்டியவர்.

இங்கே நாம் நடுநிலையோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் மீறிய சட்டம் தீய சட்டமன்று. காட்டைக் காக்க எழுந்த நல்ல சட்டமே அது. ஒருவர் கலைக்காக மீறினால், நாளை மற்றொருவர் மாளிகைக்காக மீறுவார் என்று அதிகாரிகள் அஞ்சியதில் நியாயமில்லாமலில்லை. மேலும் சிமிண்டு என்பதும் மலையை உடைத்துச் சூளையில் சுட்டுச் செய்வதே. அப்படியிருக்க நேக் சந்தின் செயலை இயற்கைக்கு இசைந்ததென்று எவ்வாறு கூறலாம் என்று கேட்பாருண்டு. இதற்கு விடை அத்தோட்டத்திலேயே உள்ளது. அவர் காட்டை அகற்றித் தோட்டம் செய்யவில்லை; பள்ளத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தவில்லை. வேண்டிய அளவுக்குப் புதரை விலக்கி, மரங்களை நிற்கவிட்டு, அவற்றுக்கிடையே வளைந்து செல்லும் வழியை அமைத்தார். நகரத்துக்காக முன்னரே உடைக்கப்பட்டதும் சுடப்பட்டதும் கழிக்கப்பட்டதுமே அவருடைய மூலதனம். கொள்வதற்கும் திருப்பித் தருவதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே தெளிவாகக் காணலாம். லெ கொர்பூசியே இருந்ததை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்; நேக் சந்த் நீக்கப்பட்டதிலிருந்து தொடங்கினார்.

நல்ல வேளையாக, சர்க்கார் இடிக்கும் வழியை விட்டு ஏற்கும் வழியைத் தேர்ந்தது. 1976-ம் ஆண்டில் பாறைத் தோட்டம் என்னும் பெயரால் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளத்தோடு அத்தோட்டத்தையே வளர்க்கும் உத்தியோகமும், துணைக்கு 50 தொழிலாளரும் அளிக்கப்பட்டனர். கந்தலும் உடைந்த பீங்கானும் சேர்க்க நகரில் நிலையங்கள் வைக்கப்பட்டன. அதன்பின் அருவிகளும், உயர்ந்த வளைவுகளும், அவற்றில் தொங்கும் ஊஞ்சல்களும், ஆடரங்கமும் எழுந்தன. தோட்டத்து வாயில்கள் சில மிகத் தாழ்வானவை. அவற்றுள் நுழைய எவராயினும் தலை குனிந்தே ஆகவேண்டும். அமைச்சரும் கூலிக்காரரும் அங்கே ஒரே அளவு குனிகிறார்கள். சாதியாலும் பணத்தாலும் நிமிர்ந்து நடக்கும் உலகத்தில் இது ஒரு நல்ல பாடமன்றோ!

1983-ம் ஆண்டில் அத்தோட்டத்துச் சிற்பம் இந்தியத் தபால் தலையில் இடம் பெற்றது. 1984-ல் நேக் சந்துக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. பின்னர் அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் குழந்தைகள் காட்சிசாலையொன்றுக்கும் அவர் இத்தகைய தோட்டம் அமைத்துக் கொடுத்தார். நம் தாயகத்துக்கு அண்மையில், பாலக்காட்டையடுத்த மலம்புழை அணையருகேயும் அவர் உருவாக்கிய பாறைத் தோட்டமொன்று உண்டு. தமிழகத்துக்கோ கேரளத்துக்கோ உறவினரைக் காணச் செல்லும் அன்பர்கள் அதனைப் பார்த்து வரலாம்.

ஆயினும் புகழ் ஒன்றே ஒரு பொருளைக் காத்துவிடாது. பாறைத் தோட்டத்துக்கு அருகிலேயே உயர்நீதிமன்றம் இருக்கிறது. எண்பதுகளின் இறுதியில், அங்கே வருவோரின் மோட்டார் வண்டிகளை நிறுத்த இடமும் சாலையும் வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தது. 1990-ம் ஆண்டளவில் இடிக்கும் இயந்திரங்கள் வந்து நின்றன. அப்போது நகரமக்கள் கைகோத்து வரிசையாக நின்று அவற்றைத் தடுத்தார்கள். 1996-ல் நேக் சந்த் வெளிநாடு சென்றிருந்த சமயத்தில் தோட்டத்துக்குரிய பணமும் ஆளும் குறைக்கப்பட்டதோடு, தீயோர் சிலர் பல உருவங்களை உடைத்துச் சேதப்படுத்தினர். அதன்பின்னர் அன்பர்கள் சங்கம் அமைத்துத் தோட்டத்தின் பராமரிப்பில் கை கொடுத்தனர்.

நேக் சந்த் 2015-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி, தொண்ணூறாம் வயதில், சண்டிகரிலேயே காலமானார். அவருக்குப் பின் நடந்ததையும் சொல்லவேண்டும். 2016-ம் ஆண்டில், லெ கொர்பூசியே அமைத்த தலைமைக் கட்டடத் தொகுதி, ஐக்கிய நாட்டுக் கல்வி கலாசார ஸ்தாபனத்தின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்கு அடுத்தாற்போல் நிற்கும் பாறைத் தோட்டத்தின் சுவரில் ஒரு பகுதியோ, 2025-ம் ஆண்டின் தொடக்கத்தில், சாலையை அகலமாக்கவும் நீதிமன்றத்துக்கு வரும் வண்டிகளை நிறுத்தவும் இடம் வேண்டி இடிக்கப்பட்டது. ஊர்மக்கள் கூடி எதிர்த்தும் பயனில்லாமற்போயிற்று. இடிபாட்டிலிருந்து பிறந்த தோட்டம் மறுபடியும் இடிபாட்டைக் கண்டது. பெரியவர் வகுத்த திட்டம் மரபுரிமை. சாலை இன்ஸ்பெக்டர் கட்டிய சுவர் போக்குவரத்துக்கு இடைஞ்சல்! கலையின் மதிப்பு அதைச் செய்தவனுடைய உத்தியோகத்தைப் பொறுத்தது என்னும் எண்ணம் இன்னும் ஒழியவில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இவ்வரலாறு நமக்கு எவ்வகையில் பொருந்தும் என்று நேயர்கள் கேட்கலாம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மராமத்து இலாகாவின் சாலைகளில் கல் பரப்பித் தார் ஊற்றியவர்களில் நம்மவர் எத்தனை பேர்! இருப்புப்பாதைக்குக் கட்டை சுமந்தவர் எத்தனை பேர்! காடு வெட்டி ரப்பர் நட்டவர் எத்தனை பேர்! சாலையும் பாதையும் இருக்கின்றன. அவர்களுடைய பெயர்கள் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் லயங்கள் இடிக்கப்பட்டபோது, அவர்கள் வாழ்ந்த வாழ்வின் அடையாளங்களும் மண்ணோடு மண்ணாயின. கோப்பை, கத்தி, தோம்பு, பித்தளைச் செம்பு, குழந்தையின் கைவளை ஆகிய இவற்றை எடுத்து வைக்க வேண்டுமென்று எத்தனை பேருக்குத் தோன்றியது?

கலை என்றால் அது கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள பெரிய மண்டபங்களுக்குரியது, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். சம்பளம் சொற்பம், ஓய்வு சொற்பம், படிப்பும் சொற்பம், இதில் கலையேது என்பார்கள். நேக் சந்துக்கும் இம்மூன்றும் சொற்பமாகவே இருந்தன. அவரிடம் இருந்தவை ஒரு சைக்கிளும், வேலைக்குப் பிந்திய பொழுதும், எறியப்பட்ட பொருளை மதித்துப் பார்க்கும் கண்ணும்தாம். அக்கண்ணைப் பெறுவதற்குக் கட்டணம் கிடையாது.

ஆகவே நம் தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும், ஊர்தோறும் உள்ள வாலிபர் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை ஒருநாள் அருகிலுள்ள ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே இயற்கை செய்த கல்லையும், நாம் எறிந்த போத்தலையும் தகரத்தையும் அவர்களே பொறுக்கட்டும். கல்லை உள்ளபடி நிறுத்தவும், எறிந்ததைக் கொண்டு உருவம் சமைக்கவும் அவர்கள் பழகட்டும். பழைய லயத்தில் வாழ்ந்த முதியோர் இருந்தால், அவர்களுடைய பாண்டங்களையும் கருவிகளையும் கேட்டு வாங்கி, யாருடையவை என்று பெயரெழுதிப் பள்ளியிலோ மண்டபத்திலோ ஓரிடத்தில் வையுங்கள். இதற்கு எந்தச் சர்க்காரின் உத்தரவும் வேண்டியதில்லை. இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.